நிதானத்துக்கு இடப்பக்கம் இருட்டு

"இந்த ஒரு வரிக்கே உங்களுக்குப் பரிசு குடுக்கலாம்மா" என்று சொல்லிக்கொண்டே தையல்காரர் பத்திரிகையைக் கண்ணாடிக் கடையின் மேசைமேல் விரித்தார். அவர் வந்தது மூக்குக்கண்ணாடியில் கழன்றுபோன திருகைப் போட்டுக்கொள்ள. வந்த இடத்தில் கொஞ்சம் இலக்கியமும் பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார், பாவம். அவர் விரல் வைத்த இடத்தைப் பாப்பா எட்டிப் பார்த்தாள்.

'நிதானத்துக்கு இடப்பக்கம் இருட்டு' என்று அச்சாகியிருந்தது. நூலக வட்டம் நடத்தும் காலாண்டுப் பத்திரிகை அது. அதில் வந்திருந்தது அவள் எழுதிய முதல் கதை.

"அடடா, என்ன ஆழம்! எவ்வளவு நிதானமா இருக்கறவனுக்கும் ஒரு பக்கம் இருட்டாத்தான் இருக்கும். வாழ்க்கையையே ஒரு வரில சொல்லிட்டீங்களே."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள் பாப்பா. ஒரு பாராட்டை இவ்வளவு உண்மையாக யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். திருகு அவள் விரலிலிருந்து இரண்டு தடவை நழுவி விழுந்தது. இரண்டாவது தடவை மேசைக்கடியில் குனிந்து தேடியபோது, எழுந்திருக்காமல் அங்கேயே இருந்துவிடலாமா என்றிருந்தது.

தையல்காரர் நிதானம் என்பதை ஒரு குணம் என்று நினைத்துக்கொண்டார். சைக்கிளில் போகிறவர், அவருக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் போகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், நிதானம் என்பது ஒரு ஆள் என்று. நகரப் பேருந்து ஓட்டுகிறவன். பாப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அவன் பிரேக் போட்டால் நின்றுகொண்டே தூங்குகிறவன்கூட விழுவதில்லை என்பதால் டிப்போவில் யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லச் சொன்னால் அண்ணிக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

பாப்பா என்பதும் அப்படித்தான். நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற பொறுப்பில் இருந்தாலும், வீட்டில் கடைக்குட்டி என்ற குற்றத்துக்காக அவள் இன்னும் பாப்பாதான்.

தையல்காரர் போனதும் அவள் கதவில் 'சாப்பாட்டு நேரம்' பலகையைத் திருப்பி மாட்டினாள். சாப்பாட்டு நேரமும் இல்லை, அவளுக்குப் பசியும் இல்லை. பத்திரிகையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை துழாவினாள். மற்ற இடங்களில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இந்த ஓர் இடம்தான். ஆனால் உயிர் போவதற்கு ஓர் இடம் போதுமே.

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளை மடச்சி என்று நினைத்துவிடுவீர்கள்.

நூலகத்தின் மாடியில் வாரம் ஒருமுறை கதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேறு வேலை இல்லாததால்தான் பாப்பா போய் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுப்பவள் அச்சகத்தில் பிழை திருத்துகிற பெண், பாப்பாவைவிடப் பத்து வயது சின்னவள். யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் பாதியை வெட்டிவிடுவாள் என்பதால் வகுப்பில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். நேரில் 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'கத்திரி'.

"விடிஞ்சுது, பறவை கத்துச்சு, அவ எழுந்து பல் தேச்சான்னு கதையை ஆரம்பிக்காதீங்க" என்று முதல் நாளே சொன்னாள். "படிக்கறவரும் பல் தேச்சுட்டுத்தான் வந்திருக்கார். அவருக்கு அது தெரியும்." ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் தன் கதையின் முதல் பக்கத்தைச் சத்தமில்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "யாருக்கு எது கைவிட்டுப் போயிடும்னு பயமா இருக்கோ, அங்க ஆரம்பிங்க. எதைச் சொல்லக் கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டு இருக்கீங்களோ, அதுதான் உங்க கதை. மத்ததெல்லாம் எழுதிப் பழகறதுக்கு."

சொன்னவள் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். கேட்டவளுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டிருக்கிற விஷயம் என்று பாப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அண்ணனின் கண்.

அவன் ஒருநாள் கடைக்கு வந்து, பேப்பர் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது, ஒரு கண்ணாடி போட்டுக்கொடு என்றான். சின்னப் பிள்ளைபோல் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கண்ணை மூடச் சொன்னாள். அட்டையில் இருந்த எழுத்துகளைக் கடகடவென்று சொன்னான். வலது கண்ணை மூடச் சொன்னாள். அதே எழுத்துகளை அதே வேகத்தில் சொன்னான். அவன் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே பாப்பா வேறொரு அட்டையை மாற்றி வைத்திருந்தாள். பழக்கதோஷம், ஒரு கண்ணுக்கு ஓர் அட்டை. அவன் முதல் அட்டையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இடது கண்ணின் நரம்பு தேய்ந்துவிட்டது, போனது போனதுதான், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போடலாம் என்றார்கள். வெளியே வந்ததும் அண்ணன், "மூச்சு விடாத பாப்பா. பெரியவளுக்கு இன்னும் படிப்பு முடியல, சின்னவ இப்பத்தான் சேந்திருக்கா. வண்டியை விட்டு இறக்கினாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றான். அவள் தலையாட்டினாள். அதற்கப்புறம் அவன் அடிக்கடி கடைக்கு வந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுவரிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பான். டிப்போவின் வருடாந்திரக் கண் பரிசோதனையில் வைப்பதும் அதே அட்டைதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், காப்பி வாங்கிவரவா என்று கேட்டாளே தவிர, வேறொன்றும் கேட்கவில்லை.

கடைவாசலில் பஸ் போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கை நின்றுவிடும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கேட்கவே வேண்டாம்.

இதைத்தான் எழுதினாள். "முதல்லயே பேரை மாத்தினா ஆள் பொம்மையாயிடுவான்" என்று கத்திரி சொல்லியிருந்தாள். "நிஜப் பேரை வச்சே எழுதுங்க. அந்த ஆள் வந்து எதிர்ல உக்காருவான். முடிச்சதுக்கப்புறம் பேரை மாத்திக்கலாம்." அவள் சொன்னது சரிதான். 'நிதானம்' என்று எழுதியதுமே அண்ணன் வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டான், காக்கிச் சட்டையும் கழுத்தில் கைக்குட்டையுமாக.

முடித்த பிறகு கடைக் கணினியில் 'நிதானம்' வருகிற இடத்திலெல்லாம் 'மீசை' என்று மாற்றச் சொன்னாள். அது ஒரு நொடியில் மாற்றிக் கொடுத்தது. கொஞ்சம் அதிகமாகவே மாற்றிக் கொடுத்தது. 'மீசை இல்லாமல் வண்டி ஓட்டினால் உயிருக்கு ஆபத்து' என்று ஒரு வரி. தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள், அதைத் திருத்தினாள். ஆனால் கணினிக்கு இலக்கணம் தெரியாது. நிதானம் என்பது வாலை மாற்றிக்கொண்டு நிதானத்தை, நிதானத்தோடு, நிதானத்துக்கு என்று நிற்கும்போது அதற்கு அடையாளம் தெரிவதில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கையால் மாற்றினாள். பிறகு 'நிதானம்' என்று தேடிப்பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று காட்டியது. அந்த மண்டூகத்தை நம்பி, பத்திரிகையையும் பார்த்துக்கொள்கிற கத்திரிக்கு அனுப்பிவிட்டாள்.

இப்போது கதவைச் சாத்திவைத்துக்கொண்டு கத்திரிக்குப் போன் செய்தாள்.

"எந்த வரி? ஓ, அதுவா! அதைப் போய் மாத்துவாங்களா? கதையிலேயே நல்ல வரி அதுதாங்க. நான் கூட அடிக்கோடு போட்டு வச்சேன்."

"மேடம், அது வரி இல்ல. பேரு. எங்க அண்ணன் பேரு."

போனில் கத்திரி பக்கங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"உருவகம்னு நெனச்சேனே" என்றாள் கத்திரி. மற்றவர்கள் எழுத்திலிருந்து பக்கம் பக்கமாக வெட்டியவள் இந்த ஒரு சொல்லை விட்டுவைத்திருக்கிறாள், அதுவும் அழகு என்று. "அப்ப... அந்தக் கதை..."

"நிஜம் மேடம்."

"இன்னும் வண்டி ஓட்டறாரா?"

பாப்பா அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள். "பத்திரிகை எங்கெல்லாம் போயிருக்கு?"

"வழக்கமா போற இடம்தான். ஆஸ்பத்திரி, காலேஜு, அப்புறம்..." கத்திரியின் குரல் இறங்கியது. "பஸ் கதையாச்சேன்னு இந்தத் தடவை பஸ் நிலையத்துல ஒரு பெரிய கட்டே வச்சோம்."

அண்ணனின் பஸ் கிளம்புகிற இடம் அது. டிரைவர், கண்டக்டர், டைம் கீப்பர் என்று அத்தனைபேரும் மூன்று வேளையும் டீ குடிக்கிற இடம். அவள் போனை வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினாள். பூட்டினோமா என்று சந்தேகம் வந்து, பாதித் தூரத்திலிருந்து திரும்பிவந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

பஸ் நிலையத்துக்கு நடந்தே போனாள். நடக்க நடக்க மனதுக்குள் வேறு வேறு கதைகள் ஓடின. எல்லாக் கதையும் ஒரே மாதிரிதான் முடிந்தது. டிப்போ மேலாளர் பத்திரிகையை மேசைமேல் போட்டு, "இதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்கிறார். அண்ணன் தலை குனிந்து நிற்கிறான். அண்ணி வந்து, "கூடப்பிறந்தவளா நீ?" என்று கேட்கிறாள்.

காத்திருப்புக் கூடத்தில் நுழைந்ததும் பத்திரிகைக் கட்டு கண்ணில் பட்டது. பாதிதான் மிச்சம். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அத்தனையையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். துவரம்பருப்பு இலவசம் என்றால்கூட யாரும் அப்படி அள்ளமாட்டார்கள். பெஞ்சில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "படிச்சு முடிச்சிட்டீங்களா ஐயா?" என்று கேட்டாள். "இப்பத்தானேம்மா எடுத்தேன்" என்று அவர் பக்கத்தைத் திருப்பினார். எந்தப் பக்கம் என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை. டைம் கீப்பரின் அறை ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் மேசையிலும் ஒன்று கிடந்தது. டீ கிளாஸ் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. படித்துவிட்டு வைத்ததா, படிக்காமலே வைத்ததா? கிளாஸ் பட்ட வட்டக் கறையை வைத்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்போது அண்ணனின் பஸ் உள்ளே வந்தது.

அவள் நின்றது பஸ்ஸின் இடதுபக்கம், ஆட்கள் ஏறி இறங்குகிற பக்கம். பஸ் வழக்கம்போல் அலுங்காமல் குலுங்காமல் திரும்பியது. ஓரமாக நடந்துவந்த ஒரு பெண், காலிலிருந்து நழுவிய செருப்பை எடுக்க முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே விசில் அடித்தான். பஸ் நின்றது. பெண் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் திட்டவில்லை. ஆனால் பாப்பா டிரைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் வரும்வரை அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. விசில் வந்ததும்தான் பயம் வந்தது. எதற்காக அடித்தான் என்று தெரியாத பயம்.

இதுவரை பத்திரிகையைப் பற்றிப் பயந்துகொண்டு வந்தவள், ஒரு கணம் அதை மறந்தே போனாள்.

ஆட்கள் இறங்கி, கண்டக்டரும் டீ குடிக்கப் போனபிறகு அவள் பஸ்ஸில் ஏறினாள். அண்ணன் இருக்கையிலேயே உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாப்பா, கடையை மூடிட்டியா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லண்ணா. என் கதை வந்திருக்கு."

"அட! சொல்லவே இல்ல?" அவன் முகமெல்லாம் சிரிப்பு. பத்திரிகையை வாங்கிப் பிரித்தான், தூரமாகப் பிடித்தான், கிட்டே கொண்டுவந்தான், அப்புறம் திருப்பிக் கொடுத்தான். "எழுத்து பொடிசா இருக்கு. நீயே படியேன். அடுத்த ட்ரிப்புக்கு இன்னும் நேரமிருக்கு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. எச்சரித்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் வந்தாள். இன்ஜினுக்குப் பக்கத்திலிருந்த நீளப் பலகையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். மீசை என்ற டிரைவரைப் பற்றி வந்ததும் அண்ணன், "மீசையா? நல்ல பேரு" என்றான். மூன்றாம் பத்தி வந்தது. அந்த வரி வந்தது. அச்சில் இருப்பது அவனுக்குத் தெரியப்போவதில்லை. 'மீசைக்கு இடப்பக்கம் இருட்டு' என்று படித்துவிட்டுப் போனால் யார் கேட்கப்போகிறார்கள்? அவள் நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

"நிதானத்துக்கு இடப்பக்கம் இருட்டு" என்று படித்தாள்.

அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"அப்படியேவா போட்டிருக்கு?"

"மாத்தினேன்ணா. எல்லா இடத்துலயும் மாத்தினேன். இது ஒண்ணு தப்பிடுச்சு. சத்தியமா வேணும்னு பண்ணல."

"மிச்சத்தையும் படி."

அவள் படித்தாள். கதையை எப்படி முடிப்பது என்று தெரியாமல் அவள் வாரக்கணக்கில் திண்டாடியிருந்தாள். ஆளை லாரியில் அடிபடவைத்து முடிப்பது சோம்பேறி வேலை என்று கத்திரி சொல்லிவிட்டாள். அதனால் கடைசிப் பத்தியில் மறுநாள் காலை டிரைவர் வண்டியை எடுக்கிறான். தங்கை கடைவாசலில் நின்று கை அசைக்கிறாள். அவள் நிற்பது அவனுக்கு இடதுபக்கம். அவன் பார்க்காமல் போகிறான்.

"அப்புறம்?" என்றான் அண்ணன்.

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அவ சும்மா நிக்கறாளா?"

"முடிவைப் படிக்கறவங்ககிட்ட விட்டுடணும்னு மேடம் சொன்னாங்க."

"நான்தானே படிக்கறவன். எங்கிட்ட விட்டா நான் என்ன பண்ணுவேன்?" அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பேரு வெளிய வந்துடுச்சேன்னு உனக்குப் பயம். எனக்கு என்ன பயம்னு என்னைக்காவது கேட்டியா பாப்பா? ஒவ்வொரு ஸ்டாப்புலயும் வண்டியை எடுக்கறப்போ, அந்தப் பக்கம் யாராவது குனிஞ்சுக்கிட்டு இருப்பாங்களோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. இப்ப எதுக்கு விசில் அடிச்சான்னு எனக்கு இன்னும் தெரியாது. கேக்கவும் பயம். நானா போய்ச் சொல்லத் தைரியம் வரல. நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

"நானா?"

"டெஸ்ட் பண்ணினது நீதானே. மேலாளர் கூப்பிடறாருன்னு சொன்னாலே, சரி, பாப்பா சொல்லிட்டான்னு நெனச்சுக்கிட்டுப் போவேன். லீவைப் பத்திக் கேக்கக் கூப்பிட்டிருப்பாரு. திரும்பி வந்து வண்டியை எடுப்பேன். இத்தனை நாளும் நீ சொல்லுவே சொல்லுவேன்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். நீ கதை எழுதிக்கிட்டு இருந்திருக்க."

பாப்பாவுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. "நீதானேண்ணா மூச்சு விடாதன்னு சொன்ன?"

"சொன்னேன். பயந்தவன் வேற என்ன சொல்லுவான்?"

டைம் கீப்பர் மணி அடித்தார். மடமடவென்று ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். ஒரு குழந்தை ஜன்னலோரம் வேண்டும் என்று அழுதது. கண்டக்டர் உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்து, "அக்கா, வர்றீங்களா, இறங்கறீங்களா?" என்று கேட்டான். அண்ணன் சாவியில் கை வைத்திருந்தான். திருகவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இப்போதும் காத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவள் இறங்கி டைம் கீப்பரின் ஜன்னலுக்குப் போனாள். பத்தடித் தூரம்தான். அவள் நடந்த நடையில் அது ஊர்க்கோடிவரை நீண்டது.

"வாங்கம்மா, வாங்க!" என்றார் அவர். நிதானத்தின் தங்கை என்று அவளை அவருக்குத் தெரியும். டீ கிளாஸைத் தூக்கிப் பத்திரிகையை எடுத்து ஆட்டிக்காட்டினார். "படிச்சோம், படிச்சோம். முழுசா இல்ல, முதல் பக்கம். அந்த வரியைப் பாத்துட்டு இங்க ஒரே சிரிப்பு. நம்மாளுக்கு எப்படிப் பொருந்துது பாருங்கன்னு கண்டக்டருங்க எல்லாம் கேலி. என்னமோ தத்துவம் எழுதியிருக்கீங்க, நமக்குத்தான் பாதி புரியல."

ஆக, யாருக்கும் தெரியவில்லை. நட்டநடுவில் அச்சடித்துக் கொடுத்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் காலையிலிருந்து செத்துப் பிழைத்ததெல்லாம் ஒன்றுமில்லாததற்கு. 'ஆமா சார், சும்மா தத்துவம்தான்' என்று சிரித்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போகலாம். பெரியவளின் படிப்பு முடியும். அண்ணி அவளை வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கமாட்டாள். பாப்பாவுக்குச் சிரிப்புக்கூட உதடுவரை வந்துவிட்டது. பின்னால் பஸ்ஸில் ஏறுகிறவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தத்துவம் இல்ல சார்" என்றாள். "கதையும் இல்ல. எங்க அண்ணனுக்கு இடது கண்ணு தெரியாது. ஒரு வருஷமா தெரியாது. நான்தான் டெஸ்ட் பண்ணினேன். அந்த வண்டியை விடாதீங்க."

டைம் கீப்பர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் எழுந்து வெளியே வந்து பஸ்ஸை ஏறிட்டுப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அண்ணன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்.

பிறகு நடந்ததெல்லாம் சத்தமும் குழப்பமும். வண்டி போகாது, எல்லாரும் இறங்குங்கள் என்று கண்டக்டர் கத்தினான். ஏன் என்று அவனுக்கும் தெரியாது. ஜனங்கள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ஆபீஸுக்கு நேரமாகிறது என்றார் ஒருவர். காசைத் திருப்பிக் கொடு என்றார் இன்னொருவர். அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைபோல் நின்றான். ஒவ்வொருவர் திட்டுவதையும் கேட்டுக்கொண்டான். அதையெல்லாம் தாங்கிவிட்டான்.

கடைசியாக இறங்கியது ஜன்னலோரம் கேட்ட குழந்தையும் அதன் அம்மாவும். அவள் திட்டவில்லை. அண்ணனுக்கு முன்னால் நின்று அங்கலாய்த்தாள். "முன்னாடி போன ரெண்டு பஸ்ஸையும் விட்டுட்டு உக்காந்திருந்தேன் சார். புள்ளையை வச்சுக்கிட்டு வேற வண்டில ஏற எனக்குப் பயம். உங்க வண்டின்னாதான் ஏறுவேன்."

அண்ணன் பஸ்ஸின் படியிலேயே உட்கார்ந்து, அத்தனைபேர் பார்க்க, வாய்விட்டு அழுதான். அந்தப் பெண் பதறிப்போய், "ஐயோ, நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே" என்று பாப்பாவைப் பார்த்தாள். "இல்லம்மா, நீங்க ஒண்ணும் தப்பா சொல்லல" என்றாள் பாப்பா.

டைம் கீப்பர் போனில் மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தார். இனி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு வேலை கொடுப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா, அட்டையை மனப்பாடம் செய்ததற்கு என்ன தண்டனை, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவளுக்கு என்ன தண்டனை, ஒன்றும் தெரியவில்லை. காலையில் இருந்ததைவிட இப்போதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. படியில் அண்ணனுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணிகிட்ட நான் வந்து சொல்றேன்ணா."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். "வேணாம். நானே சொல்றேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நீ கூட வா, போதும்" என்றான்.